தார் போடுமுன் மண்ணைப் பாருங்கள்: டர்பன் வீட்டாரும் கோயில் கமிட்டிகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவில் டர்பனைச் சேர்ந்த சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கம் வீட்டு டிரைவ்வேக்கோ கோயில் வளாகத்துக்கோ தார் போட நினைப்பவர்கள் கேட்பது பெரும்பாலும் ஒரே சில கேள்விகள்தான். பதில்களை ஓரிடத்தில் வைத்தால் உதவும் என்று தோன்றியது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைவசம் இருக்கும் பணத்தில் பெரும்பகுதி தாருக்குக் கீழேயும் ஓரத்திலும் வடிகாலிலும் போக வேண்டும். மேலே தெரியும் கறுப்புக்கு மட்டும் செலவழிக்க நினைப்பவருக்கு இந்தப் பதில்கள் பிடிக்காது.

போட்டு இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. ஓரத்தை ஒட்டி நீளமாகப் பிளந்துவிட்டது. கலவை மட்டமா?

கலவை மட்டமாக இருந்தால் விரிசல் அப்படி ஓரம் பார்த்து வராது. ஓரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள், ஓரத்துக்கு இணையாக ஓடும் விரிசல் என்றால் பெரும்பாலும் அது களிமண்ணின் வேலை. தார் போட்டபின் நடுப்பகுதிக்குக் கீழே இருக்கும் மண்ணுக்கு வெயிலும் எட்டாது, மழையும் எட்டாது. ஓரிரு ஆண்டுகளில் அதன் ஈரம் ஒரு நிலைக்கு வந்து நின்றுவிடும். ஓரத்து மண் அப்படியில்லை. இங்கே குளிர்காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை காய்ந்து சுருங்கும், அக்டோபரில் மழை தொடங்கியதும் நீரைக் குடித்து உப்பும். நடு அசையாமல் நிற்க, ஓரம் மட்டும் வருஷா வருஷம் இறங்கி ஏறுகிறது. ஆடுகிற மேஜைமேல் விரித்த துணி மேஜையை நிறுத்திவிடாது. 30 மி.மீ. தாரும் மண்ணை நிறுத்தாது, பிளந்து வழிவிடும்.

மற்ற விரிசல்களுக்கு வேறு காரணங்கள் உண்டு. சக்கரம் ஓடும் தடத்தில் முதலைத்தோல் மாதிரி சின்னச் சின்னக் கட்டங்களாக உடைந்தால், அடியில் இருக்கும் ஜல்லி அடுக்கு நனைந்து பலமிழந்துவிட்டது என்று பொருள். அதன்மேல் எதைப் பூசினாலும் வீண், வெட்டி எடுத்துத்தான் செய்ய வேண்டும். பெரிய பெரிய சதுரங்களாகப் பிளந்தால், கீழே சிமெண்ட் கலந்த அடுக்கு இறுகிச் சுருங்கியிருக்கலாம். எல்லா இடத்திலும் மயிரிழை போல நுண்ணிய விரிசல், நிறமும் சாம்பலாக வெளுத்திருக்கிறது என்றால் அது வெயிலில் வந்த வயது.

எங்கள் மண் அந்த மாதிரி களிமண்தானா? யாரைக் கேட்பது?

முதலில் மண்ணையே கேட்கலாம். குளிர்காலக் கடைசியில், ஆகஸ்ட் வாக்கில், புல் இல்லாத இடத்தில் தரை வெடித்திருக்கிறதா பாருங்கள். விரல் நுழையும் அளவு வெடிப்பு என்றால் கவலைப்பட வேண்டிய மண். முழங்கால் ஆழம் தோண்டி ஒரு பிடி எடுத்து நனைத்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே அழுத்தி நாடாவாகத் தள்ளும்போது உடையாமல் நீண்டுகொண்டே போனால் களி அதிகம். காய்ந்த கட்டியைக் கையால் உடைக்க முடியாவிட்டாலும் அதே செய்திதான்.

டர்பனில் ஒரே தெருவிலேயே மண் மாறும். கடலோர மேடுகளில் இருப்பது சிவப்பு பெரியா மணல். அது உப்பாது, ஆனால் நனைந்தால் அமுங்கும், ஓடும் நீரில் சுலபமாகக் கரையும். உள்ளே தள்ளிப் போனால் ஷேல், டோலரைட் என்ற பாறைகள் சிதைந்து உண்டான களிமண் வருகிறது. சரிவை வெட்டிச் சமப்படுத்திய மனைகளில் பாதி வெட்டிய மண், பாதி கொட்டிய மண். இரண்டும் சேரும் கோட்டில் விரிசல் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

கோயில் கார் பார்க் அளவுக்குப் பெரிய வேலை என்றால் கையை நம்பாமல் மண் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்புங்கள். களியின் சதவீதத்தையும் பிளாஸ்டிசிட்டி எண்ணையும் (ஈரத்தில் மண் எவ்வளவு குழையும் என்பதன் அளவு) கேட்டு வாங்குங்கள். இந்த இரண்டையும் வைத்து மண் எவ்வளவு உப்பும் என்று நான்கு தரமாகப் பிரிக்கும் வரைபடத்தை 1964ல் வான் டெர் மெர்வ என்ற தென்னாப்பிரிக்கர்தான் கொடுத்தார். இன்றும் இங்கே பொறியாளர்கள் முதலில் எடுப்பது அதைத்தான்.

களியைத் தோண்டி எறிந்துவிட்டு ஜல்லியைக் கொட்டினால் தொல்லை தீர்ந்ததா?

பல சமயம் தொல்லை அங்கேதான் தொடங்குகிறது. களிமண்ணில் அரை மீட்டர் பள்ளம் வெட்டி அதில் இடைவெளி நிறைந்த ஜல்லியை நிரப்பினால், நீங்கள் கட்டியிருப்பது ஒரு தண்ணீர்த் தொட்டி. பக்கவாட்டில் வரும் நீர் உள்ளே இறங்கும், வெளியே போக வழியிருக்காது. சுற்றிலும் உள்ள களி மாதக்கணக்கில் குடித்துக்கொண்டே இருக்கும்.

தோண்டினால், நீர் புகாத அளவுக்கு நுண்துகள் கலந்த, ஆனால் உப்பாத சரளை மண்ணை நிரப்புங்கள். 150 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் நனைத்து இறுக்க வேண்டும். பள்ளத்தின் அடி ஒரு பக்கம் சரிந்திருக்கட்டும். தாழ்ந்த ஓரத்தில் துளையிட்ட குழாயைப் போட்டு, அதன் வாயைச் சரிவில் வெளிச்சத்துக்குக் கொண்டுவாருங்கள். வாய் வெளியே வராத குழாய் இருந்தும் இல்லாததும் ஒன்று. வெட்டிய களியை இரண்டு வாரம் வெயிலில் திறந்துபோட்டுவிட்டு மூடுவதும் தப்பு. காய்ந்து சுருங்கிய களியின்மேல் தார் போட்டால், அது பிறகு ஈரத்தைத் திரும்பப் பெற்று உப்பும். வெட்டிய உடனே மூடுங்கள், முடியாவிட்டால் ஈரமாக வையுங்கள்.

ஒருவர் சுண்ணாம்பு கலக்கச் சொல்கிறார், இன்னொருவர் சிமெண்ட் என்கிறார். எது சரி?

உப்பும் களிக்குச் சுண்ணாம்பு. களித்துகள்களின்மேல் ஒட்டியிருக்கும் சோடியம் போன்றவற்றை விலக்கிச் சுண்ணாம்பின் கால்சியம் உட்கார்ந்துகொள்கிறது. ஒட்டும் மண் ஓரிரு நாளில் பொடியும் மண்ணாக மாறுகிறது. எடையில் 3 முதல் 6 சதவீதம் பிடிக்கும், சரியான அளவைப் பரிசோதனைக் கூடம்தான் சொல்ல வேண்டும். களி குறைந்த சரளைக்குச் சிமெண்ட் பொருந்தும். கனத்த களியில் சிமெண்ட் கலக்கவே கலக்காது, கட்டியாக நிற்கும்.

ஆனால் சின்ன டிரைவ்வேக்குச் சுண்ணாம்பை நான் சிபாரிசு செய்வதில்லை. களியைத் தூளாக்கிச் சீராகக் கலக்க இயந்திரம் வேண்டும். மண்வெட்டியால் கிளறினால் மேலே வெள்ளை, உள்ளே பழைய களி. காற்றடிக்கும் நாளில் பக்கத்து வீட்டார் கண்ணும் போகும். பெரிய வளாகத்துக்குச் செய்யலாம், கண்ணாடியும் முகமூடியும் போட்டுக்கொண்டு.

மொத்தம் எத்தனை அடுக்கு, என்ன கனம்?

கார், பேக்கி (சின்ன பிக்கப் வண்டி) மட்டும் வரும் வீட்டுக்கு: இறுக்கிய மண், அதன்மேல் ஜி7 தர மண் 150 மி.மீ., அதன்மேல் ஜி5 அல்லது ஜி4 சரளை 150 மி.மீ., கடைசியாக 30 மி.மீ. பிரீமிக்ஸ் (கல்லும் பிட்டுமன் என்ற கறுப்புப் பசையும் சூடாகக் கலந்த தார்க்கலவை). ஜி என்பது இங்கே சாலை மண்ணுக்கும் கல்லுக்கும் தரும் தர எண், அது குறையக் குறையத் தரம் கூடும். ஜி1 என்பது நெடுஞ்சாலைக்கான உடைத்த கல், உங்களுக்கு வேண்டாம். ஜி10 என்பது வெறும் மண்ணுக்குச் சற்று மேல். கொட்டேஷனில் "பேஸ்" (தாருக்கு நேர்க்கீழே வரும் அடுக்கு) என்று மட்டும் எழுதியிருந்தால் எந்த ஜி என்று எழுதித் தரச் சொல்லுங்கள். அந்த ஒரு எழுத்தில்தான் விலை ஒளிந்திருக்கிறது.

பஸ், தண்ணீர் லாரி, தேர் தூக்கிவரும் டிரக் நுழையும் கோயில் வளாகம் என்றால் பொறியாளர் கணக்குப் போடட்டும். பொதுவாக அந்தப் பாதையில் மட்டும் கனத்தைக் கூட்டி, கார் நிற்கும் இடத்தில் குறைத்துக்கொள்ளலாம்.

ஓரத்தை விட்டுவிடாதீர்கள். இரண்டு பக்கமும் கான்கிரீட் கெர்ப் (ஓரக்கட்டை) வேண்டும், களி மோசமாக இருந்தால் ஆழமாக. அதற்கு வெளியே இன்னும் ஒரு மீட்டர் அகலத்துக்கு நீர் புகாத தளமாக விட்டால், ஈரம் ஏறி இறங்கும் பகுதி தாருக்கு அடியிலிருந்து வெளியே தள்ளிப்போகும். குறுக்குச் சரிவு மீட்டருக்கு 2 செ.மீ. இருக்க வேண்டும். தட்டையாகப் போட்ட தார் தட்டையாகவே இருக்காது, எங்காவது குளம் கட்டும்.

எந்த மாதத்தில் போடுவது நல்லது?

டர்பன் கடலோரத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை. மழை குறைவு, பகலில் இருபது டிகிரிக்கு மேல் இருக்கும், கலவை இறுகப் போதுமான நேரம் கிடைக்கும். தீபாவளிக்கு முன்பாக முடித்துவிட வேண்டும் என்று அக்டோபரில் அவசரப்படுபவர்கள் ஏராளம். நனைந்த பேஸின்மேல் போட்டால் நீர் ஆவியாகி மேலே தள்ளும், தார் ஒட்டாது.

எவ்வளவு சரக்கு வர வேண்டும் என்று நான் எப்படிக் கணக்குப் பார்ப்பது?

இறுகிய பிரீமிக்ஸ் கன மீட்டருக்குச் சுமார் 2.4 டன் எடை. 100 சதுர மீட்டர், 30 மி.மீ. கனம் என்றால் 100 × 0.03 × 2.4 = 7.2 டன். லாரி எடைமேடைச் சீட்டைக் கேளுங்கள். 4 டன் வந்திருந்தால் உங்கள் தார் 17 மி.மீ. கூட இல்லை. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கணக்கு மாறாது. உருளை ஏறுமுன் பரப்பிய கனம், முடிந்த கனத்தைவிடக் கால் பங்கு அதிகமாக இருக்க வேண்டும். 30 வேண்டுமானால் 38 வரை பரப்ப வேண்டும்.

"பக்கத்து ரோடு வேலையில் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது, பாதி விலைக்குப் போட்டுத் தருகிறேன் அண்ணா" என்று கதவைத் தட்டுகிறவரை அனுப்பிவிடுங்கள். மிச்சமான கலவை ஆறிப்போயிருக்கும். அவர் உங்கள் பேஸைச் சோதித்திருக்க மாட்டார், அடுத்த மாதம் அவர் போனும் எடுக்க மாட்டார்.

போடும் அன்று பக்கத்தில் நின்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

சூடு. கலவை லாரியிலிருந்து இறங்கும்போது 140 டிகிரிக்குக் குறையக் கூடாது. சுமார் 90 டிகிரிக்கு இறங்குமுன் உருளை வேலை முடிந்திருக்க வேண்டும். 25 மி.மீ. கனத்தில், காற்றடிக்கும் காலையில், அதற்குக் கால் மணி நேரம்கூட முழுதாகக் கிடைக்காது. லாரி வாசலில் நிற்கும்போது உருளை இன்னும் டிரெய்லரிலேயே இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். லாரிமேல் தார்ப்பாய் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

அதற்கு முன்பே பேஸில் பிரைம் (பேஸுக்குள் ஊறும் மெல்லிய பிட்டுமன் திரவம்) தெளித்து அது உறிஞ்சி உலர்ந்திருக்க வேண்டும். பழைய தார்மேல் போடுவதானால் எமல்ஷன் (நீரோடு கலந்த பிட்டுமன்) தெளிப்பு போதும். ஒட்டும் அளவு மட்டும் தெளித்து, அது கறுப்பாகும் வரை பொறுங்கள். குளமாகத் தேங்கக் கூடாது.

கோடையில் தார் உருகி செருப்பில் ஒட்டுகிறதே, இது சாதாரணமா?

முதல் கோடையில் கொஞ்சம் இளகுவது சாதாரணம். இங்கே பரவலாகப் பயன்படும் 50/70 தர பிட்டுமன் ஐம்பது டிகிரி வாக்கில் மென்மையாகிறது. ஜனவரி மதியத்தில் தார்ப்பரப்பு அறுபதைத் தாண்டும். ஆனாலும் சாலை ஓடாமல் நிற்பது ஏன் என்றால், சுமையைத் தாங்குவது பிட்டுமன் இல்லை, ஒன்றோடொன்று பூட்டிக்கொண்ட கற்கள். எனவே செருப்பில் ஒட்டும் அளவுக்குப் பிட்டுமன் மேலே மிதக்கிறது என்றால் கலவையில் அது அதிகம், அல்லது அடியில் தெளித்த எமல்ஷன் அதிகம். சூடான நாளில் நல்ல கல்தூளை மெல்லத் தூவி உருட்டினால் பாதி சரியாகும்.

புதுத் தாரில் மறுநாள் காரை ஏற்றலாம். நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கை முறுக்காதீர்கள், மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டுக்கு அடியில் ஒரு பலகை வையுங்கள்.

தைப்பூசக் காவடிக்கு வெறுங்காலில் வருகிறவர்கள் வளாகத்தில் நிற்கவே முடியவில்லை. என்ன செய்யலாம்?

நம் ஊர்க்காரர் இங்கே வந்தால் முதலில் திகைப்பது இதில்தான். தமிழ்நாட்டில் தைப்பூசம் குளிர் விடும் காலம், இங்கே அது உச்சக் கோடை. காலை ஒன்பது மணிக்குப் புறப்படும் காவடி திரும்பி வரும்போது மதியமாகிவிடும். அறுபது டிகிரித் தரையில், அலகு குத்திய பக்தர் நின்று ஆடுகிறார்.

தண்ணீர் தெளிப்பது உதவும். நல்ல தாருக்கு அதனால் கேடு இல்லை, மஞ்சள் நீருக்கும் பாலுக்கும் இல்லை. ஆனால் விரிசல் உள்ள இடத்தில் ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டு நாள் முழுக்க ஓடவிட்டால் அத்தனையும் களிக்குள் போகும். நிழல்வலை இன்னும் நல்லது. முந்தின நாளே கட்டிவிட்டால் தரை சூடேறாமலே இருக்கும். காலையில் சூடேறிய பின் கட்டுவதால் பெரிய பலன் இல்லை, கறுப்புத் தரை சேர்த்த வெப்பத்தை மெதுவாகத்தான் விடும்.

புதிதாகப் போடும் கமிட்டிக்கு என் அபிப்பிராயம் வேறு. பிரகாரத்தைச் சுற்றியும் கொடிமரத்துக்கு முன்னாலும் தார் போடவே வேண்டாம். அங்கே வெளிர் நிற கான்கிரீட் பிளாக்கைப் பதியுங்கள், தாரைக் கார் பார்க்கோடு நிறுத்துங்கள். வெளிர் நிறம் வெயிலில் கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். "ஒரே கறுப்பாக, அழகாக இருக்கட்டும்" என்று கேட்கும் கமிட்டித் தலைவரைக் காவடியன்று பன்னிரண்டு மணிக்குச் செருப்பில்லாமல் கார் பார்க்கைச் சுற்றி வரச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்தில் தீர்மானம் நிறைவேறும்.

தேர், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய், தீமிதி: இவற்றால் தார் கெடுமா?

மூன்றும் கெடுக்கும், வேறு வேறு விதத்தில்.

தேர் ஓடும்போது பாதிப்பு குறைவு, நிற்கும்போதுதான். சின்னச் சக்கரத்தில் முழு எடையும் ஓரிடத்தில் மணிக்கணக்கில் அழுத்தினால், சூடான தார் மெல்ல விலகிக் குழி விழும். நிறுத்தும் இடத்தில் சக்கரத்துக்கு அடியில் தடித்த இரும்புத் தகடு போடுங்கள். அன்னதானத்துக்குப் பெரிய பானை ஏற்றும் மூன்றுகால் அடுப்புக்கும் அதே விதி. செங்கல் அடுக்கி, மணல் பரப்பி, அதன்மேல் வைக்கலாம்.

எண்ணெய் நிஜமான எதிரி. டீசல் பிட்டுமனைக் கரைக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நல்லெண்ணெயும் தேங்காயெண்ணெயும் நெய்யும்கூட அதை இளக்கும் என்று சொன்னால் நம்ப மறுக்கிறார்கள். கையில் ஒட்டிய தாரை எடுக்க வீட்டில் எதைத் தேய்க்கிறோம்? விளக்கேற்றும் இடத்தில் ஓடு பதித்துவிடுங்கள். சிந்தினால் உடனே மணலைக் கொட்டி உறிஞ்ச வைத்து, பாத்திரச் சோப்பால் கழுவுங்கள். தேர் நிற்கும் இடமெல்லாம் சாலையில் கற்பூரம் கொளுத்தும் வழக்கத்துக்கு ஒரு தட்டு போதும். தேங்காய் உடைப்பதால் ஒன்றும் ஆகாது.

தீக்குழி வெறும் மண்ணில்தான் இருக்க வேண்டும், தார் விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளி. தணலின் வெப்பம் பக்கவாட்டிலும் தாரை இளக்கும். கூட்டம் வேறு அந்த விளிம்பில்தான் நெரியும். மவுண்ட் எட்ஜ்கம்ப், இசிபிங்கோ மாரியம்மன் கோயில்களின் ஈஸ்டர் விழா போல ஆயிரக்கணக்கில் ஜனம் வரும் இடங்களில், வருஷத்தில் ஒரே நாளுக்காக முழு மைதானத்துக்கும் தார் போடத் தேவையில்லை. சாலையிலிருந்து சுரண்டி எடுத்த பழைய தார்த்தூளை வாங்கிப் பரப்பி உருட்டினால், வெயிலில் ஓரளவு ஒட்டி இறுகிவிடும். சேறு இல்லாமல் கார் நிறுத்த அது போதும்.

மாமரம் பக்கத்திலேயே இருக்கிறது. வெட்ட வேண்டுமா?

களிமண்ணில் மரத்தின் வேரைவிட அதன் தாகம்தான் பெரிய தொல்லை. வறண்ட மாதங்களில் பெரிய மரம் தன் உயரத்தின் அளவு தூரம்வரை மண்ணை உலர்த்தும். ப்ளூகம் (யூகலிப்டஸ்), ஆல் வகைகள் ரொம்ப மோசம். ஆனால் வளர்ந்த மரத்தைத் திடீரென்று வெட்டினால் அது இத்தனை நாள் உறிஞ்சிக்கொண்டிருந்த நீர் மண்ணிலேயே தங்கி, மண் வருஷக்கணக்கில் உப்பிக்கொண்டே போகும். வெட்டுவதென்றால் தார் போடுவதற்கு ஒரு மழைக்காலமாவது முன்பே வெட்டுங்கள். இல்லாவிட்டால் மரத்தை விட்டுவிட்டுப் பாதையைத் தள்ளிப் போடுங்கள். மாமரம் உள்ள வீட்டில் பாதையைத் தள்ளுவதுதான் நியாயம்.

கிக்கூயூ புல்லையும் மறக்க வேண்டாம். ஓரத்தில் கெர்ப் இல்லாவிட்டால் தாருக்கு அடியில் புகுந்து கிளப்பிவிடும்.

விரிசலை எப்போது அடைக்க வேண்டும்?

முதல் மழைக்கு முன், செப்டம்பருக்குள். மண் சுருங்கியிருக்கும்போது விரிசல் அகன்றிருக்கும், உள்ளே உலர்ந்தும் இருக்கும். 3 மி.மீ. அகலத்துக்கு மேல் என்றால் ரப்பர் கலந்த பிட்டுமனை ஊற்றுங்கள். முதலில் கம்பித் தூரிகையால் சுத்தம் செய்து, காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். விளிம்புவரை நிரப்பாதீர்கள். கோடையில் மண் உப்பி விரிசல் மூடும்போது நிரப்பியது பிதுங்கி வெளியே வரும், அதனால் கொஞ்சம் தாழ்வாகவே நிறுத்துங்கள். சிமெண்ட் சாந்து வைத்து அடைக்கவே கூடாது. அது வளையாது.

அடைப்பதற்கு முன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கூரைக் குழாய் நேரே தார் ஓரத்தில் விழுகிறதா? ஜோஜோ தொட்டி (பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி) நிரம்பி எங்கே வழிகிறது? இரவு படுக்கப் போகும்போது தண்ணீர் மீட்டரைக் குறித்துக்கொண்டு, யாரும் குழாயைத் திறக்காமல், காலையில் மறுபடி பாருங்கள். எண் நகர்ந்திருந்தால் பூமிக்குள் எங்கோ கசிகிறது. அந்தக் கசிவு டிரைவ்வேக்கு அடியில் இருந்தால், மழையே பெய்யாத ஜூலையிலும் தார் மேடிடும்.

பளபளவென்று கறுப்புப் பூச்சு அடித்துத் தருகிறோம் என்கிறார்களே?

பார்க்க அழகாக இருக்கும். நீர்த்த பிட்டுமன் எமல்ஷனாக இருந்தால், வெளுத்து வறண்ட பரப்புக்குச் சில ஆண்டு ஆயுளும் கூட்டும். நுண்விரிசல் நிறைய இருந்தால் 3 முதல் 6 மி.மீ. ஸ்லர்ரி (எமல்ஷனும் கல்தூளும் கலந்த குழம்பு) இன்னும் நல்லது. முதலைத்தோல் விரிசலுக்கு இரண்டும் உதவாது. நிலக்கரித் தார் கலந்த பூச்சை மட்டும் வாங்காதீர்கள். அதில் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்கள் உண்டு. இந்நாட்டுச் சாலைத் துறையே அதைக் கைவிட்டுவிட்டது.

குழியை நானே அடைக்கலாமா?

தாராளமாக. ஹார்டுவேர் கடையில் 25 கிலோ மூட்டையில் குளிர்கலவை கிடைக்கும், ஒரு மூட்டை சுமார் 11 லிட்டர் இடத்தை நிரப்பும். குழியின் ஓரங்களை நேர்குத்தாக, சதுரமாக வெட்டுங்கள். உள்ளே சேறாக இருக்கும் பேஸை உலர்ந்த திடமான அடுக்கு வரும்வரை எடுங்கள், பெரும்பாலோர் தவிர்ப்பது இதைத்தான். சுவர்களில் எமல்ஷன் தடவி, 50 மி.மீ. அடுக்குகளாகப் போட்டு ஒவ்வொன்றையும் குத்தி இறுக்குங்கள். கடைசியில் சுற்றுப்பரப்பைவிடச் சற்று மேலே நிற்கட்டும், சக்கரம் ஏறி ஏறி அது இறங்கிவிடும்.

ஃபைபர் கேபிளுக்காகத் தாரை வெட்டிவிட்டார்கள். மூடிய இடம் இறங்கிவிட்டது.

வெட்டிய களியையே கொட்டி மேலே மட்டும் குத்தினால் அப்படித்தான் ஆகும். மூடுமுன் பக்கத்தில் நின்று, 150 மி.மீ. அடுக்குகளாக நிரப்பி இறுக்கச் சொல்ல வேண்டும். தார் ஒட்டு பள்ளத்தைவிட இரண்டு பக்கமும் ஒரு கை அகலம் அதிகமாக இருக்கட்டும், வெட்டிய கோட்டையும் பிட்டுமனால் அடைக்கட்டும்.

தாரே வேண்டாம், பிளாக் பதித்துவிடலாமா?

மோசமான களிமண்ணில், உண்மையைச் சொன்னால், பல வீடுகளுக்கு நான் அதைத்தான் சொல்வேன். மண் அசைந்தால் பிளாக்கும் அசையும். ஆனால் பெயர்த்து, மட்டப்படுத்தி, அதே கல்லைத் திரும்பப் பதிக்கலாம். தாரில் அது முடியாது. செலவு அதிகம், இடுக்கில் புல் வரும், எறும்பு மணலை அள்ளும். சாட்ஸ்வொர்த்தில் சில வீடுகளின் டிரைவ்வே போலச் செங்குத்தான சரிவு என்றால் உருளை வழுக்கும், சூடான கலவை கீழே தள்ளப்படும். அங்கே கோடு கீறிய கான்கிரீட்தான் பொருத்தம், இணைப்பு இடைவெளிகளோடு.

நாங்கள் கௌடெங்கில் (ஜோஹன்னஸ்பர்க், பிரிட்டோரியா உள்ள மாகாணம்) இருக்கிறோம். இதெல்லாம் எங்களுக்கும் பொருந்துமா?

பாதி. பிரிட்டோரியாவுக்கு வடக்கிலும், மேற்கே பிரிட்ஸ், ரஸ்டன்பர்க் பக்கமும் இருக்கும் கறுப்புக் களி டர்பன் களியைவிடப் பொல்லாதது. அங்கே பொறியாளர் இல்லாமல் தொடாதீர்கள். லெனேசியா, லாடியம் பகுதிகளில் அடியில் நீரில் மெல்லக் கரையும் டோலமைட் பாறை இருக்கக்கூடும். கசியும் நீர் அங்கே பூமியையே உள்வாங்க வைக்கும், ஆகவே குழாய்க் கசிவை ஒரு நாள்கூட விட்டுவைக்கக் கூடாது. மாதக் கணக்கும் மாறும். ஹைவெல்ட் என்ற அந்த உயர்ந்த சமவெளியில் ஜூலை காலை உறையும் குளிர், மெல்லிய தார் போட்டவுடன் விறைத்துவிடும். ஏப்ரல், மே அல்லது ஆகஸ்ட் கடைசி அங்கே சரி.

கேட்டுக்கு வெளியே உள்ள பகுதிக்கும் சேர்த்துப் போடலாமா?

அது முனிசிபாலிட்டியின் இடம். டர்பன் மாநகராட்சியான எதெக்வினியில் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள். கேட்காமல் உயர்த்திப் போட்டு சாலை நீர் பக்கத்து வீட்டுக்குள் திரும்பினால் சண்டை உங்களோடுதான். 2022 ஏப்ரலில் சில இடங்களில் ஒரே நாளில் 300 மி.மீ.க்கு மேல் கொட்டியதைப் பார்த்த ஊர் இது. நீர் போகும் வழியை அடைப்பவரை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

வேலை நடக்கும்போது சூடான தார் கையில் பட்டுவிட்டால்?

உடனே ஓடும் குளிர்ந்த நீரில் இருபது நிமிடமாவது வையுங்கள். ஐஸ் வேண்டாம், வெண்ணெய் வேண்டாம். தோலில் ஒட்டிய தாரை உரித்து எடுக்காதீர்கள், தோலும் சேர்ந்து வரும். மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீங்குமுன் கழற்றிவிட்டு, தாரோடு அப்படியே மருத்துவமனைக்குப் போங்கள். அங்கே பார்த்து எடுப்பார்கள்.